வாசகர் கேள்வி–பதில்: ஆசிரியர் வேலைக்குக் கையெழுத்திடும் முன்

ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களும், வேலை கிடைத்தும் மகிழ முடியாதவர்களும் எழுதிய கடிதங்கள் இந்த முறை சேர்ந்தாற்போல் வந்திருக்கின்றன. அவற்றுள் ஊதியம் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுதியவர்களையும் பள்ளிகளையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கித் தருகிறேன். தேர்வுக் குழுக்களில் கேள்வி கேட்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான் என்பதால், நிர்வாகங்களின் சங்கடத்தையும் சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். வேறொரு பள்ளியில் நேர்காணலும் மாதிரி வகுப்பும் முடிந்து, "உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். ஆனால் பணி நியமனக் கடிதத்தில் என் அனுபவம் ஐந்து ஆண்டுகள் என்றே கணக்கிடப்பட்டு, ஊதியமும் அதற்கேற்பக் குறைந்திருந்தது. கேட்டதற்கு, "வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, இது எங்கள் விதி" என்றார்கள். மீதி நான்கு ஆண்டுகள் நான் வகுப்பறையில் இல்லையா? இதைப் பேசிச் சரிசெய்ய வழி உண்டா, ஐயா?

பதில்: உண்டு, ஆனால் பேச வேண்டிய இடம் எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். ஊதிய அட்டவணை வைத்திருக்கும் பள்ளிகளில் ஓர் ஆசிரியரின் ஊதியத்தை இரண்டு செய்திகள் தீர்மானிக்கின்றன: ஒன்று அவருடைய கல்வித் தகுதி, மற்றொன்று அவர் எத்தனையாவது படிநிலையில் சேர்க்கப்படுகிறார் என்பது. அட்டவணையில் உள்ள தொகை எல்லோருக்கும் பொதுவானது. அதைத் தனி ஒருவருக்காக மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் முதல்வருக்கு இருப்பதில்லை. அதனால்தான் "ஊதியத்தைக் கொஞ்சம் கூட்டித் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்பவருக்கு "எங்கள் கையில் ஒன்றுமில்லை" என்ற பதில் வருகிறது. அந்தப் பதில் பல நேரங்களில் உண்மையும்கூட. ஆனால் உங்களை எந்தப் படிநிலையில் வைப்பது என்பதை யாரோ ஒருவர் உங்கள் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்து முடிவு செய்கிறார். பேச இடமிருப்பது அங்கேதான்.

இந்த அட்டவணை முறையை வெறுக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1921இல் டென்வர், டெ மாய்ன் ஆகிய நகரங்களின் பள்ளிகள் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே ஊதிய அட்டவணையைக் கொண்டுவந்தன. அதற்கு முன்பு, பெரும்பாலும் பெண்களே பணியாற்றிய தொடக்கப் பள்ளிகளில் ஊதியம் குறைவாகவும், ஆண்கள் அதிகம் இருந்த உயர்நிலைப் பள்ளிகளில் கூடுதலாகவும் இருந்தது. தகுதியும் அனுபவமும் ஒன்றாக இருந்தால் ஊதியமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நியாயத்தில் பிறந்த ஏற்பாடு அது. அந்த நியாயத்தை உடைப்பது அட்டவணை அன்று. வெளி அனுபவத்துக்கு உச்சவரம்பு வைக்கும் துணைவிதிதான் உடைக்கிறது. இங்கிலாந்தில் முன்பு, ஓர் அரசுப் பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஆசிரியருக்குப் பழைய ஊதிய நிலையைப் புதிய பள்ளியும் மதித்தாக வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. 2013இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அதன் பிறகு, பள்ளி மாறும் ஒவ்வொருவரும் தம் நிலையைத் தாமே பேசிப் பெற வேண்டியதாயிற்று.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு படிநிலைக்கும் ஊதியம் நூற்றுக்கு 3 வீதம் உயர்வதாக வைத்துக்கொண்டால், ஒன்பதாம் படிநிலையில் இருப்பவரின் ஊதியம் ஐந்தாம் படிநிலையில் இருப்பவரைவிட ஏறத்தாழ 12.5 விழுக்காடு கூடுதலாக இருக்கும். இது முதல் ஆண்டோடு முடிந்துவிடும் இழப்பு அன்று. ஆண்டுதோறும் நீங்கள் ஒரு படி ஏறும்போது, ஒன்பதில் சேர்ந்திருக்க வேண்டிய நீங்களும் ஒரு படி ஏறியிருப்பீர்கள். ஆகவே அட்டவணையின் உச்சியைத் தொடும் வரையில் அந்த நான்கு படி இடைவெளி உங்களோடு வந்துகொண்டே இருக்கும். ஓய்வூதியமோ சேமநிதியோ அடிப்படை ஊதியத்தின் மேல் கணக்கிடப்படுமானால் அங்கும் அது தொடரும். இந்தக் கணக்கை நீங்கள் ஒரு தாளில் போட்டுப் பார்த்த பிறகே பேசச் செல்ல வேண்டும். ஏனெனில், எதைக் கேட்கிறோம் என்பது தெரியாமல் கேட்பவர்கள் மிகச் சிறிய ஒரு தொகையை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

கேட்கும் முறை பற்றி ஒரு சொல். உங்களை நேர்காணல் செய்து விரும்பியவர் முதல்வர். படிநிலையை நிர்ணயித்தவர் பெரும்பாலும் அலுவலகத்திலோ கணக்குப் பிரிவிலோ இருப்பவர். அந்த இரண்டாமவர் உங்கள் வகுப்பைப் பார்த்ததில்லை. ஆகவே முதல்வரிடம் நேரில் வருத்தப்படுவதைவிட, அவர் அப்படியே மேலே அனுப்பி வைக்கக்கூடிய ஒரு பக்கக் கடிதத்தை அவர் கையில் கொடுப்பது பயன் தரும். "ஐந்து ஆண்டு வரம்பு எழுத்து வடிவில் உள்ள விதியா, அதற்கு விலக்கு அளிக்கப்பட்டதுண்டா, விலக்கு அளிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு" என்ற மூன்று வினாக்களும், முந்தைய பள்ளிகள் தந்த பணி அனுபவச் சான்றுகளும் அதில் இருக்கட்டும். பாதி ஆண்டுகள், விடுப்புக் கால மாற்று ஆசிரியராக இருந்த மாதங்கள், பாடத்தோடு தொடர்புள்ள வேறு வேலைகள் ஆகியவற்றை ஆசிரியர்கள் தாங்களே கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதையும் பார்த்திருக்கிறேன். எவையெவை கணக்கில் வரும் என்பதைப் பள்ளி சொல்லட்டும். நீங்கள் முன்கூட்டியே கழித்துவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் பிறகு "விதி விதிதான்" என்றால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஓராண்டுப் பணி முடிந்ததும் படிநிலையை மறுபரிசீலனை செய்வதாக நியமனக் கடிதத்திலேயே ஒரு வரி. அந்த வரியை எழுதக்கூட மனமில்லாத பள்ளி, ஓராண்டுக்குப் பிறகு வாயளவில் சொன்னதை நினைவில் வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: நேர்காணலில் முதல் கேள்வியே "இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்பதுதான். உண்மையைச் சொன்னேன். அதைவிடச் சற்றே கூடுதலான ஒரு தொகையைச் சொல்லி, "பாருங்கள், உங்களுக்கு உயர்வுதான்" என்றார்கள். பிறகு விசாரித்ததில், அந்தப் பணிக்கு அவர்கள் ஒதுக்கியிருந்தது அதைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஊதியச் சீட்டைக் காட்டுங்கள் என்று ஒரு வரி எழுதினால் அந்தப் பொய் வெளிவந்துவிடும். அதோடு வேலையும் போகும். பொய் சொல்வதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் இடையில் வேறுபாடு உண்டு.

முன்பு ஒருவர் குறைவாக வாங்கினார் என்பது இப்போதும் அவருக்குக் குறைவாகத் தரப் போதுமான காரணம் என்று கருதுவதில் எந்த நியாயமும் இல்லை. இதைச் சட்டங்களே ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் இயற்றிய சட்டம், வேலை தருவதாக முன்வந்து ஊதியத்தையும் பேசி முடிப்பதற்கு முன் விண்ணப்பதாரரின் பழைய ஊதியத்தைக் கேட்கக் கூடாது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணை இன்னும் ஒரு படி மேலே போய், பழைய ஊதியத்தைக் கேட்பதைத் தடுப்பதோடு, அந்தப் பணிக்கான தொடக்க ஊதியம் அல்லது அதன் வரம்பு என்ன என்பதை விண்ணப்பதாரருக்கு முன்னதாகவே தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உறுப்பு நாடுகள் அதைத் தம் சட்டத்தில் சேர்க்க 2026 ஜூன் வரை கெடு கொடுக்கப்பட்டது.

அத்தகைய சட்டம் இல்லாத இடத்தில் இருப்பவர் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம். "என் இப்போதைய பணியின் பொறுப்புகளும் பாடவேளைகளும் வேறு; இந்தப் பணிக்கு நீங்கள் வகுத்திருக்கும் ஊதிய வரம்பைச் சொன்னால், என் தகுதியும் அனுபவமும் அதில் எங்கே பொருந்தும் என்று பேசலாம்" என்பது பணிவான, முழுமையான பதில். மறுபடியும் வற்புறுத்தினால் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் அதே மூச்சில், "அந்தத் தொகையை அடிப்படையாக வைத்து நான் இங்கே விண்ணப்பிக்கவில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொகையை நேர்காணலின் முதல் கேள்வியாக வைக்கும் பள்ளி, உங்கள் பாடத்தைப் பற்றி எத்தனையாவது கேள்வியாகக் கேட்டது என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசியில் அழைத்து வேலை உறுதி என்றார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். எனக்குப் பிடித்த வேறொரு பள்ளியின் நேர்காணல் அதற்கு அடுத்த வாரம். இப்போதைக்குச் சரி என்று சொல்லிவிட்டு, அது கிடைத்தால் இதை விட்டுவிடலாமா?

பதில்: இந்த அவசரத்துக்குப் பின்னால் எப்போதும் தந்திரம் இருப்பதாக நினைக்க வேண்டாம். கல்வியாண்டு தொடங்கும் நாளில் ஒரு வகுப்பறை ஆசிரியர் இல்லாமல் நிற்குமோ என்ற பயம் ஒவ்வொரு முதல்வருக்கும் உண்டு. பட்டியலில் அடுத்து இருப்பவரையும் வேறு பள்ளி எடுத்துக்கொண்டுவிடும் என்ற கவலையும் உண்டு. ஆயினும், தொலைபேசியில் சொன்ன வார்த்தைக்கு எழுத்தில் பதில் கேட்பது முறையன்று. "மிக்க மகிழ்ச்சி, நியமனக் கடிதம் வந்ததும் படித்துப் பார்த்து உடனே பதில் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். பணி, படிநிலை, பிடித்தங்கள் போகக் கையில் வரும் தொகை, தொடங்கும் நாள் ஆகியவை எழுத்தில் வந்த பிறகே உங்கள் கெடு தொடங்குகிறது. அந்தக் கடிதத்தைத் தயாரிக்கவே பல பள்ளிகளுக்குச் சில நாட்கள் ஆகிவிடும். அந்தக் கால அவகாசம் உங்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது.

அதற்குள் இரண்டாவது பள்ளிக்கு எழுதுங்கள்: வேறிடத்தில் நியமனம் வந்திருக்கிறது, உங்கள் பள்ளியையே விரும்புகிறேன், நேர்காணலைச் சற்று முன்னால் வைக்க இயலுமா என்று. இப்படி எழுதினால் கோபித்துக்கொள்வார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். நான் பார்த்த வரையில், வேறு யாரோ விரும்பும் ஆசிரியர் என்று தெரிந்ததும் தேர்வுக் குழுவின் நடை வேகமாகிறது.

சரி என்று கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு விலகுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒப்பந்தத்தில் உள்ள அபராதங்களும் முன்னறிவிப்புக் காலமும் ஒருபுறம் இருக்க, மற்ற அலுவலகங்களில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதும் பள்ளியில் ஒரு வகுப்பு காலியாக இருப்பதும் ஒன்றல்ல. தவிர்க்க முடியாமல் விலகத்தான் வேண்டும் என்றால், கால அட்டவணை போடப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுவது குறைந்தபட்சக் கடமை.

கேள்வி: ஆசிரியப் பணிக்கு வந்தவர் பணத்தைப் பற்றிப் பேசலாமா என்ற கூச்சம் எனக்கு எப்போதும் உண்டு. போதாக்குறைக்கு, ஊதியம் கூட்டிக் கேட்ட ஒருவருடைய நியமனத்தையே ஒரு நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டதாகப் படித்தேன். கேட்பதால் உள்ளதும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் ஒரு பெண் என்பதால் இந்தப் பயம் கூடுதலா என்றும் தெரியவில்லை.

பதில்: நீங்கள் படித்தது 2014இல் அமெரிக்காவில் பரவலாகப் பேசப்பட்ட நிகழ்ச்சியாக இருக்கலாம். கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட ஒரு சிறிய கல்லூரியில் தத்துவத் துறைப் பணிக்குத் தேர்வான பெண் ஒருவர், மின்னஞ்சலில் ஐந்து வேண்டுகோள்களை வைத்தார்: கூடுதல் ஊதியம், ஒரு பருவ மகப்பேறு விடுப்பு, நிரந்தரமாகும் முன்பே ஓர் ஆய்வு விடுப்பு, ஆண்டுக்குப் புதிதாகத் தயாரிக்க வேண்டிய பாடங்களுக்கு ஒரு வரம்பு, ஓராண்டு கழித்துப் பணியில் சேர அனுமதி. இவற்றுள் சில மற்றவற்றைவிடத் தருவதற்கு எளிதானவை என்று தமக்குத் தெரியும் என்பதையும் அவர் குறிப்பிட்டிருந்தார். கல்லூரியோ, ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்கே அவர் பொருத்தமானவர் போலத் தெரிகிறது என்று எழுதி, நியமனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கல்லூரி செய்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன். "இவற்றுள் இது மட்டும் இயலும்" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த நிகழ்ச்சி இவ்வளவு பேசப்பட்டதே அது அரிதானது என்பதால்தான். ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, அவர் பணிவாக ஒன்றைக் கேட்டார் என்பதற்காக மறுபடியும் விளம்பரம் கொடுத்து, மறுபடியும் மாதிரி வகுப்புகளைப் பார்த்து, மறுபடியும் குழுவைக் கூட்ட யாருக்கும் ஆசை இருப்பதில்லை. அதில் நமக்கு எடுத்துக்கொள்ள ஏதேனும் இருக்கிறது என்றால் அது கேட்கும் விதம்தான். ஐந்தையும் ஒரே மின்னஞ்சலில் வரிசையாக எழுதுவதைவிட, முக்கியமான ஒன்றையோ இரண்டையோ தேர்ந்தெடுத்து, நேரிலோ தொலைபேசியிலோ காரணத்தோடு பேசிவிட்டு, பேசியதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. எழுத்தில் உள்ள வேண்டுகோளைப் படிப்பவர் தமக்குத் தோன்றிய தொனியில் படித்துக்கொள்வார். குரலில் உள்ள தயக்கமும் மரியாதையும் தாளில் தெரிவதில்லை.

கூச்சத்தைப் பற்றி. "ஆசிரியப் பணி அறப்பணி" என்பதை நானும் மேடைகளில் சொன்னவன்தான். ஆனால் அந்தத் தொடர் விழா மேடையைவிட ஊதியம் பேசும் அறையில்தான் அதிகம் எடுத்து வீசப்படுகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். அறப்பணி என்று சொல்லும் அதே நிர்வாகம் கட்டடம் கட்டும் ஒப்பந்தக்காரரிடம் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. 1966 அக்டோபர் 5 அன்று யுனெஸ்கோவின் சிறப்பு மாநாடு ஏற்றுக்கொண்ட, ஆசிரியர்களின் நிலை பற்றிய பரிந்துரை இதைப் பூசி மெழுகாமல் சொல்கிறது: ஆசிரியரின் ஊதியம், அதே அளவு தகுதி தேவைப்படும் பிற தொழில்களின் ஊதியத்தோடு ஒப்பிடும்போது குறைபடாமல் இருக்க வேண்டும். உலக ஆசிரியர் நாளை அக்டோபர் 5 அன்று கொண்டாடுவது அந்தப் பரிந்துரையின் நினைவாகத்தான்.

பெண் என்பதால் கூடுதல் பயமா என்ற உங்கள் ஐயம் வீண் ஐயம் அன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2011இல் வந்த ஒரு சட்டம், ஊதிய அட்டவணையைச் சங்கத்தோடு கூட்டாகப் பேசி முடிவு செய்யும் முறையை ஒழித்து, ஒவ்வொரு ஆசிரியரின் ஊதியத்தையும் தனித்தனியே நிர்ணயிக்கப் பள்ளி மாவட்டங்களுக்கு இடம் தந்தது. அதன் விளைவுகளை ஆராய்ந்த பார்பரா பியாசி, ஹெதர் சார்சன்ஸ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2022இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே தகுதியும் அனுபவமும் உடைய ஆண், பெண் ஆசிரியர்களிடையே முன்பு இல்லாத ஊதிய இடைவெளி தோன்றியதையும், இளம் ஆசிரியைகளிடம் அது பெரிதாக இருந்ததையும், பள்ளித் தலைமையில் பெண் இருந்த இடங்களில் அது காணப்படவில்லை என்பதையும் காட்டினார்கள். பெண்கள் ஊதியம் பேசத் தயங்கியது அதற்கு ஒரு காரணம் என்றும் கண்டார்கள். ஆகவே, பேரம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள் என்று உங்களுக்கு மட்டும் அறிவுரை சொல்லி நிறுத்திக்கொள்வது பாதி நியாயம்தான். வரம்பையும் படிநிலையையும் வெளிப்படையாக வைக்கும் பள்ளியில் பேச்சுத் திறனுக்கு அவ்வளவு வேலை இருக்காது. நீங்கள் விண்ணப்பிக்கும் இடங்களில் அத்தகைய பள்ளி ஒன்று இருந்தால், தொகை சற்றுக் குறைவாக இருந்தாலும் அதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: "முதலில் இந்தத் தொகையில் சேருங்கள்; தகுதிகாண் பருவம் முடிந்ததும் முழு ஊதியம்; அதற்கு மேல் உங்கள் செயல்பாட்டைப் பார்த்து ஊக்கத்தொகையும் உண்டு" என்கிறார்கள். நம்பிச் சேரலாமா?

பதில்: நம்பிக்கைக்கும் கையெழுத்துக்கும் தொடர்பில்லை, எழுதித் தந்தால் சேருங்கள். மேலே நான் சொன்ன அதே 1966ஆம் ஆண்டுப் பரிந்துரை, தகுதி பெற்ற ஆசிரியருக்குத் தகுதிகாண் பருவத்திலோ தற்காலிகப் பணியிலோ நிரந்தர ஆசிரியரைவிடக் குறைந்த ஊதிய விகிதம் எந்த நிலையிலும் தரக் கூடாது என்று சொல்கிறது. அது எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் சட்டம் அன்று என்பது உண்மை. ஆனால் நீங்கள் கேட்பது பேராசை இல்லை என்பதற்கு அதுவே போதுமான சான்று. தகுதிகாண் பருவம் எந்த நாளில் முடியும், முடிந்ததை யார் எழுத்தில் அறிவிப்பார்கள், அறிவிக்காமல் நாள் கடந்தால் ஊதியம் தானாக உயருமா என்று கேளுங்கள். இந்த மூன்றாவது வினாவுக்குத்தான் பெரும்பாலும் பதில் தடுமாறும்.

ஊக்கத்தொகை விஷயத்தில் எனக்கு ஐயம் அதிகம். மாணவர் மதிப்பெண்ணோடு பணத்தை முடிச்சுப் போடும் எண்ணம் புதிதன்று. இங்கிலாந்தில் ராபர்ட் லோவ் 1862இல் கொண்டுவந்த விதித்தொகுப்பின்படி, வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றில் பிள்ளைகள் தேறுவதையும் வருகையையும் பொறுத்தே பள்ளிகளுக்கு மானியம் கிடைத்தது. ஆசிரியரின் வருவாயும் அதைச் சார்ந்தே இருந்ததால், ஆய்வாளர் வரும் நாளுக்காகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய, மற்றப் பாடங்கள் தேய்ந்தன; 1890களில் அந்த முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. உங்களிடம் சொல்லப்படும் ஊக்கத்தொகையில் அளவுகோல் என்ன, அளப்பவர் யார், சென்ற ஆண்டு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்டுவிட்டு, தெளிவான பதில் வராவிட்டால் அந்தத் தொகையைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ஊதியத்தில் ஒரு காசும் கூட்ட முடியாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். வேறு எதையாவது கேட்கலாமா, அல்லது அதோடு பேச்சு முடிந்துவிட்டதா?

பதில்: உண்மையில் அங்கேதான் பேச்சு தொடங்குகிறது. ஆசிரியரின் ஊதியத்தை மாதக் கணக்கில் பார்ப்பதே ஒரு மயக்கம். அதை அவர் எடுக்கும் பாடவேளைகளாலும் பாடவேளைக்கு வெளியே உழைக்கும் நேரத்தாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 24 பாடவேளை எடுப்பவருக்கும் 30 எடுப்பவருக்கும் ஒரே ஊதியம் என்றால், இரண்டாமவர் ஒவ்வொரு பாடவேளைக்கும் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகப் பெறுகிறார். எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரே வகுப்பின் ஐந்து பிரிவுகளுக்கு ஒரே பாடத்தை எடுப்பதும், ஐந்து வெவ்வேறு வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பதும் கால அட்டவணையில் ஒன்றுபோலத் தெரியும். இரவில் அவற்றுக்குத் தயாரிக்கும்போதுதான் வேறுபாடு தெரியும். ஆகவே முதல் ஆண்டில் எத்தனை தனித்தனிப் பாடங்களுக்குத் தயாரிக்க வேண்டும் என்று கேட்டு, அதற்கு ஒரு வரம்பைப் பெற்றுக்கொள்ளுங்கள். முதல்வரின் அதிகாரத்துக்கு உட்பட்டதும், நிர்வாகத்துக்குச் செலவில்லாததுமான சலுகை இது. ஆகவே கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

வகுப்பாசிரியர் பொறுப்பு, விடுப்பில் இருப்பவர்களுக்குப் பதிலாகச் செல்லும் பாடவேளைகள், பள்ளி முடிந்த பிறகு நடக்கும் சிறப்பு வகுப்புகள், விடுமுறை நாள் பணிகள் ஆகியவற்றில் எவை ஊதியத்துக்குள் அடங்கும், எவற்றுக்குத் தனித் தொகை உண்டு என்பதும் பேசக்கூடியதே. நீண்ட விடுமுறை மாதங்களுக்கு ஊதியம் உண்டா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரு பள்ளி பத்து மாதங்களுக்கும் இன்னொன்று பன்னிரண்டு மாதங்களுக்கும் தருமானால், மாத ஊதியம் ஒன்றாக இருந்தும் ஆண்டு வருவாய் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஒப்பந்தத்தைப் பத்து மாதத்தோடு முடித்துவிட்டு அடுத்த கல்வியாண்டில் புதிதாக நியமிப்பது போலக் காட்டும் பள்ளிகளும் உண்டு. பணித்தொடர்ச்சி அறுந்தால் அனுபவக் கணக்கும், முதல் கடிதத்தில் நாம் பார்த்த படிநிலையும் சேர்ந்தே அடிபடும். மேற்படிப்புக்கான விடுப்பு, பயிற்சிக் கட்டணம், புதிய தகுதி பெற்றதும் அட்டவணையில் எந்த மாதத்திலிருந்து இடம் மாறும் என்ற தெளிவு ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கச் சொல்லவில்லை. உங்கள் வாழ்க்கைக்கு எது பெரிதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தை வைத்திருப்பவருக்கு மாலைச் சிறப்பு வகுப்பிலிருந்து விலக்குக் கிடைப்பது ஊதிய உயர்வைவிடப் பெரிதாக இருக்கலாம்; படித்துக்கொண்டே வேலை பார்ப்பவருக்கு அது ஒரு பொருட்டாகவே இராது.

கேள்வி: எல்லாம் முடிந்து கையெழுத்தும் போட்டுச் சேர்ந்துவிட்டேன். இப்போது, என்னைவிட அனுபவம் குறைந்த ஒருவர் எனக்குப் பின் சேர்ந்து கூடுதலாக வாங்குவது தெரிந்திருக்கிறது. மனம் ஆறவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்தச் சக ஆசிரியரிடம் கோபப்படாதீர்கள், அவர் உங்கள் பங்கை எடுக்கவில்லை. அவருடைய பாடத்துக்கு ஆள் கிடைக்காத நெருக்கடியில் பள்ளி கூட்டித் தந்திருக்கலாம், அல்லது அவர் கேட்டார், நீங்கள் கேட்கவில்லை என்பது மட்டுமே காரணமாக இருக்கலாம். இரண்டும் நிர்வாகத்துக்குச் சொல்லக்கூடிய விளக்கங்கள். இரண்டாவது நியாயமான விளக்கம் அன்று. ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் கலந்திருக்கிறது என்று தோன்றினால் விஷயமே வேறு: சமமதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1951இலேயே 100ஆம் எண் உடன்படிக்கையாக ஏற்றிருக்கிறது, பல நாடுகளின் சட்டமும் அதையொட்டியே அமைந்திருக்கிறது. அப்போது ஆசிரியர் சங்கத்தையோ தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரையோ அணுக வேண்டும்.

அப்படி இல்லையென்றால், அவருடைய பெயரைச் சொல்லாமல் உங்கள் நிலையை மட்டும் எழுதிக் கேளுங்கள். "என் தகுதிக்கும் அனுபவத்துக்கும் உரிய படிநிலை எது என்பதைத் தெரிவித்து, அதன்படி திருத்தித் தர வேண்டும்" என்று எழுதினால் அது புகாராகாது, விண்ணப்பமாகவே இருக்கும். அடுத்த ஆண்டின் நிதித் திட்டம் முடிவாவதற்கு முன்பே அந்தக் கடிதம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளன்று கேட்டால், பணம் ஒதுக்கி முடித்துவிட்டோம் என்ற பதிலே கிடைக்கும். கொடுத்த கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான தேதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.